பனியன் கம்பெனியில் எச்சரிக்கைப் பலகை: இந்தி மட்டும் போதுமா?

அவிநாசிரோடு:
திருப்பூரில் 120 பேர் வேலை பார்க்கும் தையல் யூனிட். பாதிக்கு மேல் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், மேற்கு வங்கத்துக்காரர்கள். தமிழுக்குக் கீழே இந்தியில் பலகை வைத்தும் பலர் படிப்பதில்லை. சூப்பர்வைசர்கள் சொல்ல வசதியாக இந்தி வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரலாமா? மொத்தம் எத்தனை மொழி வேண்டும்?

எழுத்தாணி:
எந்த மாநிலம் என்று பார்த்து மொழியை முடிவு பண்ணாதீங்க. ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி: வீட்டில் என்ன பேசுவீங்க? எந்த எழுத்தைப் படிப்பீங்க? இரண்டுக்கும் ஒரே பதில் வராது. சந்தாலி என்ற பழங்குடி மொழி பேசுபவரை எடுத்துக்கங்க. 1925-இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஓல் சிகி என்ற தனி எழுத்து அந்த மொழிக்கு உண்டு. 2003 திருத்தத்தில் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலும் அந்த மொழி சேர்ந்தது. ஆனால் அவர் படித்தது ஜார்க்கண்டில் என்றால் இந்தி எழுதும் தேவநாகரியும், ஒடிசாவில் என்றால் ஒடியா எழுத்தும், வங்கத்தில் என்றால் வங்க எழுத்தும்தான் பெரும்பாலும் கைவந்திருக்கும். பலகைக்கு இரண்டாவது கேள்வியின் பதில், வாய்ப்பேச்சுக்கு முதல் கேள்வியின் பதில். எதையுமே படிக்காதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் படம் மட்டும்தான்.

1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆவது பிரிவு, அறிவிப்பு ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்கணும் என்றது. ஊசி பெரும்பான்மை பார்த்துக் குத்துவதில்லை. பத்துப் பேர் படிக்கும் எழுத்து என்றாலும் சேருங்க.

கட்டிங்டேபிள்:
தமிழ் எழுத்தில் இந்தி வேண்டவே வேண்டாம். இந்தியின் நான்கு ககரமும் நம்மிடம் ஒரே 'க'. 'காலி' என்று எழுதினால் வெறுமையும் அதுதான், வசவும் அதுதான். சூப்பர்வைசர் எதை உச்சரிப்பார் என்று யாருக்குத் தெரியும்? அந்த மொழி பேசும் தொழிலாளியையே பத்து வாக்கியம் பேசச் சொல்லிப் போனில் பதிவு பண்ணிக் கொடுங்க. அதற்கான நேரத்துக்குக் கூலியும் போடுங்க, அது வேலைதானே.

மெஷின் சொற்களை மொழிபெயர்க்காதீங்க. ஓவர்லாக், பாபின், நீடில், கட்டிங் எல்லாம் லைனில் எல்லாருக்கும் பொது. அதே சொல்லை அவரவர் எழுத்தில் எழுதினால் போதும். 'நீடில்' என்று பழகியவருக்கு அகராதியிலிருந்து சுத்தமான சொல் தேடிப் போட்டால் ஒரு நொடி தடுமாறுவார்.

எண்கள் 1, 2, 3 என்றே இருக்கட்டும். வங்க எண்ணில் நான்கு நம் கண்ணுக்கு 8 போலவும், ஏழு 9 போலவும் தெரியும். பீஸ் கணக்கில் இது வந்தால் சம்பளச் சண்டைதான். லீவு, ஷிப்ட் விஷயத்தில் தேதியைப் போடுங்க. இந்தியில் 'கல்' நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்.

எழுத்தாணி:
இன்னொன்று. 'சாவ்தான்' என்றால் இந்தியில் எச்சரிக்கை. வங்காளியும் ஒடியாக்காரரும் கொஞ்சம் ஒலி மாற்றிச் சொன்னாலும் பொருள் அதேதான். தமிழில் 'சாவதானமா வா' என்றால் அவசரமில்லாமல் வா என்று அர்த்தம். தமிழ் சூப்பர்வைசர்களுக்கு இந்த வித்தியாசத்தை முதல் நாளே சொல்லிடுங்க.

அவிநாசிரோடு:
நன்றிங்க. ஃப்ளெக்ஸ் கடையில் ஒடியா எழுத்து உடைந்து வருகிறதே, என்ன பண்ணலாம்?

கட்டிங்டேபிள்:
வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரியைப் பழைய டிசைன் மென்பொருளில் ஒட்டுவதால் வரும் கோளாறு. கூட்டெழுத்து பிரிந்துவிடும், உயிர்க்குறி இடம் மாறி நிற்கும். நமக்கு வடிவம் பழக்கமில்லாததால் தப்பு கண்ணில் படாது. வரியை போனிலேயே சரியாகத் தட்டி, பிடிஎஃப் ஆக்கி, அதைப் படமாகவே வைக்கச் சொல்லுங்க. அச்சுக்குப் போகும் முன் அந்த எழுத்துப் படிப்பவர் இருவரிடம் காட்டுங்க. "சரியா?" என்று கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். "இதைப் பார்த்தால் என்ன செய்வீங்க?" என்று கேளுங்க. ஒரு பலகைக்கு ஒரே கட்டளை, ஐந்தாறு சொல், மெஷினுக்குப் பக்கத்தில்.