நோமோ உண்மையில் ஓய்வு பெற்றாரா?

கேள்வி: பேஸ்பால் பந்து வீச்சாளர் ஹிடியோ நோமோ 26 வயதில் ஜப்பானில் ஓய்வு பெற்றாராம். ஆனால் 1995இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்குப் பந்து வீசியிருக்கிறார். எப்படி?

பதில் 1: அது பெயருக்கு ஓய்வு. அவருடைய ஜப்பானிய அணியான கின்டெட்சு பஃபலோஸின் பிடியிலிருந்து வெளியேற, விதியில் இருந்த ஓட்டை. ஓய்வு பெற்றவர் வெளிநாட்டில் ஆட அப்போது தடை இருக்கவில்லை.

பதில் 2: முதுகைக் காட்டிச் சுழலும் அவருடைய ‘டொர்னேடோ’ வீச்சுக்கு நான் அடிமை. வேடிக்கை என்னவென்றால், 1996 செப்டம்பர் 17 அன்று டென்வரில் மழையால் பந்து வீசும் மேடு வழுக்கியதால் அந்தச் சுழற்சியையே விட்டுவிட்டார். அன்றைக்குத்தான் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துப் பத்திரமாகத் தளத்தை எட்டுவது) கிடைக்கவில்லை! அதுவும் பந்து சிறகு முளைத்துப் பறக்கும் கூர்ஸ் ஃபீல்டு மைதானத்தில்.

பதில் 3: 2001இல் பாஸ்டன் அணிக்காக மீண்டும் அதே சாதனை. அமெரிக்காவில் மொத்தம் 123 வெற்றிகள்.

கேட்டவர்: நல்ல ‘ஓய்வு’தான்!