ஹைபிரிட் மெத்தை: மூன்று மாதத்துக்குப் பிறகு

நான் பக்கவாட்டில் படுப்பவன், மனுசி நிமிர்ந்து படுப்பவ. குறைந்த காசில் எந்த ஹைபிரிட் மெத்தை (அடியில் ஸ்பிரிங், மேலே போம் வைத்தது) இருவருக்கும் ஒத்துவரும் என்று முன்பு கேட்டிருந்தேன். ஒருவழியாக வாங்கியாயிற்று.

யாழ்ப்பாணக் கடையொன்றில் இரண்டில் ஏறிப் படுத்துப் பார்த்தேன். கடைப் பொடியன் சிரித்தான், பரவாயில்லை. முதலாவதில் ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு அங்குல போம்தான். பத்து நிமிடத்தில் கீழ்க் கை விறைத்துவிட்டது. மற்றதில் இரண்டு அங்குலம். தோள் இதமாக அமிழ்ந்தது. அதையே எடுத்தோம்.

தோள் நோ இப்போது இல்லை. மனுசிக்குத்தான் முதல் வாரம் இடுப்பு உளைவு. மெத்தையில் பிழை என்று நினைத்தால், கட்டில் பலகைகளுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி! இன்னும் நான்கு பலகை அடித்த பிறகு சரி.

அம்மா குப்புறப் படுப்பவ. அவவுக்கு இடுப்பு கீழே இறங்கி முதுகு வளைந்தது. இரண்டாம் இரவே "எனக்கு என்ரை தும்பு மெத்தை காணும்" என்று எழும்பிப் போய்விட்டா. குப்புறப் படுப்பவர்கள் இறுக்கமானதைப் பாருங்கள்.

சித்திரை வெக்கையிலும் பழைய முழு போம் மெத்தையைவிட வேர்வை குறைவு. ஸ்பிரிங்குக்குள் காற்று ஓடுகிறது. ஓரத்தில் இருந்தால் மட்டும் சரிகிறது.