எக்ஸிட் முறைப் பிரசவம்: ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவர்கள் சொல்லுங்கள்

மயக்க மருத்துவர்:

எக்ஸிட் (குழந்தையை முழுதாக வெளியே எடுக்காமல், தொப்புள்கொடியை வெட்டும் முன்பே மூச்சுப் பாதையைச் சரிசெய்யும் சிசேரியன்) என்றாலே எல்லோரும் குழந்தையின் கழுத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் நின்றது தாயின் தலைமாட்டில். அதனால் என் கதை கருப்பையைப் பற்றியது.

குழந்தைக்குக் கழுத்தில் பெரிய டெரட்டோமா, அதாவது பிறவிக் கட்டி. எம்.ஆர்.ஐ.யில் மூச்சுக்குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கி நசுங்கித் தெரிந்தது. விழுங்க முடியாததால் பனிக்குட நீரும் ஏகத்துக்கு ஏறியிருந்தது. இப்படிப்பட்ட குழந்தையை வழக்கம்போல எடுத்துத் தொப்புள்கொடியை வெட்டிவிட்டால், மூச்சுக்குழாயில் ட்யூப் போடச் சில நிமிடம்தான் கிடைக்கும். எனவே தலை, கழுத்து, ஒரு கை மட்டும் வெளியே, மீதி உள்ளேயே. நஞ்சுக்கொடி ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சுப் பாதையைப் பிடித்துவிட வேண்டும். (1990களில் சான் பிரான்சிஸ்கோவில் இதைத் தொடங்கியது வேறு காரணத்துக்கு. உதரவிதானத்தில் ஓட்டையுள்ள குழந்தைகளுக்குக் கருவிலேயே மூச்சுக்குழாயில் போட்ட கிளிப்பைப் பிறக்கும்போது கழற்றுவதற்காக.)

சாதாரண சிசேரியனில் குழந்தை வந்ததும் கருப்பை சுருங்க வேண்டும், ரத்தம் நிற்பதே அதனால்தான். இங்கே அப்படியே தலைகீழ். சுருங்கினால் நஞ்சுக்கொடி பிரிந்துவிடும். அதற்காக, கருப்பையைத் தளர்த்தும் மயக்க வாயுவான செவோஃப்ளூரேனை வழக்கத்தைவிட மிக அதிகமாக ஏற்றினேன். ஏற்றினால் தாயின் பி.பி. இறங்கும், பி.பி. இறங்கினால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையும். அதைத் தூக்கி நிறுத்தத் தனி மருந்து ஓடிக்கொண்டே இருந்தது. வெட்டிய விளிம்பில் ரத்தம் கசியாமல் இருக்க ஸ்டேப்ளர் போட்டார்கள். நீர் வடிந்து கருப்பை சுருங்கிவிடக் கூடாதென்று வெதுவெதுப்பான சலைனை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தார்கள்.

குழந்தையின் கையில் ரத்த ஆக்சிஜனைக் காட்டும் ஆக்ஸிமீட்டர். 60 சதவீதம் காட்டியது. வெளியில் இருக்கும் ஆளுக்கு அந்த எண் வந்தால் தியேட்டரே அலறும். இன்னும் நஞ்சுக்கொடியை நம்பியிருக்கும் இந்தக் குழந்தைக்கு அது நல்ல எண்!

தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பில் இ.என்.டி. மருத்துவருக்கு எதுவும் தெரியவில்லை. குழந்தை அறுவை மருத்துவர் கட்டியைக் கையால் தூக்கிப் பிடிக்க, மூச்சுக்குழாய்க்குள் பார்க்கும் பிராங்கோஸ்கோப் உள்ளே போனது, அதைத் தொடர்ந்து ட்யூப். உடனே தொப்புள்கொடியை வெட்டிவிடவில்லை. ட்யூப் சரியான இடத்தில் இருப்பது உறுதியானதும் எனக்குக் குரல் கொடுத்தார்கள். நான் செவோஃப்ளூரேனைக் குறைத்தேன். அப்புறம்தான் தொப்புள்கொடிக்குக் கிளாம்ப், அதன்பின் கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின். இந்த வரிசை குழம்பினால் தாய் ரத்தமாய்க் கொட்டுவாள். என் வயிறு கலங்கியது அந்த நேரத்தில்தான், குழந்தைக்கு ட்யூப் போட்டபோது இல்லை.

பச்சிளங்குழந்தைப் பிரிவு சிஸ்டர்:

சார் சொன்ன வரிசையை நாங்கள் பொம்மையை வைத்து முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தோம். அவ்வளவு பேர் ஒரே அறையில் நின்றால் யார் பேசுவது என்பதே பிரச்சினை. ஒருவர் மட்டும்தான் உத்தரவு சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம். டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்கு வழி செய்வது) செட் பிரித்தே இருந்தது, நல்லவேளை தேவைப்படவில்லை. ட்யூபைப் பிடித்த டாக்டர், பிளாஸ்திரி ஒட்டி முடிக்கும்வரை கையை எடுக்கவே இல்லை. எங்கள் மேசைக்குத் தூக்கி வரும் அந்த நாலடியில் ட்யூப் நழுவினால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஒரு தாய் (வேறு ஊர், வேறு மருத்துவமனை):

எனக்கு முழு மயக்கம், எதுவும் தெரியாது. ட்யூப் இருந்ததால் பிள்ளை அழவும் இல்லையாம். வெளியே நின்ற என் மாமியார் அழுகைச் சத்தம் கேட்கவில்லை என்று பயந்துபோனார். எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். இப்போது பிள்ளை நன்றாக இருக்கிறான். இதற்குப் போகிறவர்களுக்கு ஒன்று: கருப்பையை எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள். நஞ்சுக்கொடி இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் வெட்டுவார்களாம், எப்போதும் கீழ்ப்பக்கம் இருக்காது. எனக்கு மேலே வெட்டியதால், அடுத்த பிள்ளைக்கு வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது, முன்பே சிசேரியன்தான் என்று சொல்லிவிட்டார்கள்.