புகைக்கரியின் வேதிக்கூறு மாறினால் அது உட்கவரும் ஒளியும் மாறுவது ஏன்?

கேள்வி

புரொப்பேன் சுடரிலிருந்து இருவகைப் புகைக்கரியை வடிதாளில் சேகரித்து, அவை ஒளியை உட்கவரும் அளவை ஒப்பிட்டு வருகிறேன். காற்று ஓரளவு தாராளமாகக் கிடைத்த சுடரின் படிவு நல்ல கருப்பு. காற்றைக் குறைத்த சுடரின் படிவோ, எடை அதே அளவாக இருந்தும், விளிம்பில் துருநிறம் காட்டும் பழுப்பு. முதலாவது மாதிரி 370 நானோமீட்டரில் உட்கவர்வது, 880 நானோமீட்டரில் உட்கவர்வதைப் போல் ஏறத்தாழ 2.4 மடங்கு, இரண்டாவதில் அது 6 மடங்கு. மெய்ப்பகுதி 1.95, உட்கவர்தலைக் குறிக்கும் கற்பனைப் பகுதி 0.79 என்று பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் ஒளிவிலகல் எண்ணை இட்டால் முதல் மாதிரி பொருந்துகிறது, இரண்டாவது பொருந்தவில்லை. துகள்களின் அளவு காரணமா, அல்லது அவற்றின் மேல் படிந்த கரிமப் பூச்சா?

பதில் 1

அளவைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். புகைக்கரி என்பது 20 முதல் 50 நானோமீட்டர் விட்டமுள்ள சிறு கோளங்கள் கொத்தாக ஒட்டியிருப்பது. ஒவ்வொரு கோளமும் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாகையால், உட்கவர்தல் கொத்தின் வடிவத்தைவிட மொத்தக் கன அளவையே சார்ந்திருக்கும். ஒளிவிலகல் எண் அலைநீளத்தோடு மாறாதிருந்தால் உட்கவர்தல் அலைநீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 880-ஐ 370-ஆல் வகுத்தால் வருவதும் உங்கள் முதல் மாதிரியின் 2.4 தான். இரண்டாவதில் ஆங்ஸ்ட்ராம் அடுக்குக்குறி, அதாவது அலைநீளம் குறையக் குறைய உட்கவர்தல் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதைச் சொல்லும் அடுக்கு, 1-லிருந்து ஏறத்தாழ 2-க்கு ஏறியிருக்கிறது. அது வேதிக்கூறு பேசும் எண்.

முதிர்ந்த புகைக்கரியில் எட்டு கார்பன் அணுக்களுக்கு ஒரு ஹைட்ரஜன் அணு என்பது பழைய பாடநூல் கணக்கு. அதில் அறுகோண வளையங்கள் பரந்த தாள்களாக இணைந்திருப்பதால் தாள் முழுதும் பரவிய பை எலக்ட்ரான்களுக்கு வேண்டிய கிளர்வு ஆற்றல் மிகக் குறைவு. அகச்சிவப்பு ஒளியே போதும். ஹைட்ரஜன் மிகுந்த இளம் புகைக்கரியில் தாள்கள் சிறியவை, ஆற்றல் இடைவெளி அகன்றது. எனவே நீல, புற ஊதாப் பகுதியில் உட்கவர்ந்து, சிவப்பைத் தாண்டியதும் ஒளியை விட்டுவிடுகிறது.

பதில் 2

மேலே சொன்னது சரியே. ஆனால் துகளின் உள்ளிருக்கும் புகைக்கரிக் கருவே முதிராததா, முதிர்ந்த கருவின்மேல் பழுப்புக் கார்பன் (நீல ஒளியை மிகுதியாக உட்கவரும் கரிமப்பொருள்) படிந்ததா என்பதை அந்த 6 மட்டும் காட்டிக்கொடுக்காது. வடிதாளின் ஒரு துண்டை மெத்தனாலில் ஊறவைத்துப் பாருங்கள். கரைப்பான் மஞ்சளேறி, எஞ்சிய படிவின் விகிதம் 2.4-ஐ நெருங்கினால் குற்றவாளி பூச்சு. படிவு கரையாமல் பழுப்பாகவே நின்றால் கருவைச் சந்தேகிக்க வேண்டும். சூடாக்கிப் பூச்சை ஆவியாக்குவதும் வழக்கம்தான், ஆனால் வெப்பம் மிகுந்தால் கரிமப்பொருள் அங்கேயே கருகிப் புதிய கருங்கார்பனாகிவிடும் (முதிர்ந்த புகைக்கரி போன்ற கருப்புப் பொருள்) என்பதால் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை.

கேட்டவர்

பூச்சு ஒளியைக் குவித்துக் கருவின் உட்கவர்தலைக் கூட்டும் என்று படித்தேன். இந்த 6-க்கு அதுவும் ஒரு பங்கா?

பதில் 3

அதை இங்கே கொண்டுவர வேண்டாம். நிறமற்ற பூச்சு வில்லையாகச் செயல்பட்டால் எல்லா அலைநீளங்களிலும் உட்கவர்தல் ஓரளவு ஒருசேரக் கூடுமே தவிர, இரு முனைகளின் விகிதம் இவ்வளவு விலகாது. மையத்தில் கரு, சுற்றிலும் சீரான ஓடு என்று வைத்துக் கணக்கிட்டால் இருமடங்கு வரை பெருக்கம் கிடைக்கிறது; கலிபோர்னியாக் காற்றில் அளந்து 2012-இல் வெளியான ஆய்விலோ 532 நானோமீட்டரில் கிடைத்தது ஏறத்தாழ 6 விழுக்காடுதான். உண்மைத் துகளில் பூச்சு ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும், பல துகள்களில் மிக மெலிதாகவும் இருக்கும். மேலும், வடிதாளின் இழைகளே ஒளியைப் பலமுறை சிதறடிப்பதால், காற்றில் மிதக்கும் துகளுக்குரிய வில்லை விளைவைத் தாளில் தேடுவதில் பயனில்லை. அதற்கு ஒளியொலி முறையில் (உட்கவர்ந்த ஒளி வெப்பமாகி எழுப்பும் ஒலியை அளக்கும் முறை) மிதக்கும் நிலையிலேயே அளக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். 880 நானோமீட்டர் அளவை வைத்துக் கருங்கார்பனின் எடையைக் கணிப்பவர்கள், முதிர்ந்த புகைக்கரி 550 நானோமீட்டரில் கிராமுக்கு ஏறத்தாழ 7.5 சதுர மீட்டர் உட்கவர்கிறது என்ற மதிப்பையோ, அதையொத்த ஒன்றையோ நம்பியே கணிக்கிறார்கள். உங்கள் பழுப்பு மாதிரிக்கு அதை இட்டால் எடை குறைவாகவே தெரியும். தராசில் நிறுத்த எடை உங்களிடம் இருப்பதால், இரு மாதிரிகளுக்கும் அந்த மதிப்பைத் தனித்தனியே கண்டுபிடித்துவிட்டு மெத்தனால் சோதனைக்குப் போவது நல்லது.