விண்டோ என்ற சொல்லுக்குள் ஒரு கண்: உதவி தேவை

நண்பர்களே, ஆங்கிலச் சொற்பிறப்பு தெரிந்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள். மாணவர்களுக்காக, பார்த்தால் கூட்டுச்சொல் என்றே தெரியாத ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து வருகிறேன். ‘விண்டோ’வில் நின்றுவிட்டேன்.

அது பழைய நார்ஸ் மொழியின் (வைக்கிங்குகள் பேசிய ஸ்காண்டிநேவிய மொழி) ‘விண்டவுகா’விலிருந்து வந்தது. ‘விண்ட்’ என்றால் காற்று, ‘அவுகா’ என்றால் கண். காற்றின் கண்! கண்ணாடி இல்லாத காலத்துச் சன்னல் வெறும் திறப்புதானே, அதனால் பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. சன்னலுக்கான நம் பழைய சொல் ‘காலதர்’ நினைவுக்கு வந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சன்னலையே குறிக்கும் ‘பலகணி’யிலும் கண் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் சன்னலுக்கு ‘ஏஅக்திர்ல்’ என்ற சொந்தச் சொல் இருந்தது, பொருள் கண்துளை. அதே ‘திர்ல்’ சேர்ந்த ‘நோஸ்திர்ல்’, அதாவது மூக்குத்துளை, இன்றும் ‘நாஸ்ட்ரில்’ என வாழ்கிறது. கண்துளை மட்டும் ஏன் மறைந்தது? நார்ஸ் குடியேற்றம் மட்டுமே காரணமா? லத்தீன் வழி வந்த ‘ஃபெனஸ்டர்’கூட ஆங்கிலத்தில் சில காலம் புழங்கி, பிறகு தோற்றுப்போயிருக்கிறதே. இதை விளக்கும் நல்ல நூல் எது என்று சொல்லுங்கள்.

‘டெய்சி’ (பகலின் கண்) கைவசம் இருக்கிறது. இதுபோல் வேறு சொற்கள் தெரிந்தாலும் எழுதுங்கள்.