டொக்டராக வேணும் எண்டு உங்களை நினைக்க வைச்சது எது?

முத்தையன்கட்டுப் பெடியன்:
சித்தப்பாவைப் புடையன் பாம்பு (கண்ணாடி விரியன்) கடிச்சது சூடடிப்பு நேரம், வைக்கல் அள்ளேக்க. இஞ்ச வன்னியில எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே. லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர சாமமாப் போச்சு. டியூட்டியில நிண்ட டொக்டர் கொஞ்சம் இரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள்ள விட்டு மேசையில நிறுத்தி வைச்சார். "தம்பி, ஒருத்தரும் இதை ஆட்டாமப் பாத்துக்கொள், 20 நிமிசம்" எண்டார். நான் அப்ப ஓஎல் படிக்கிறன். மணிக்கூட்டையும் குழாயையும் மாறி மாறிப் பாத்துக்கொண்டு நிண்டன். நேரம் முடிய வந்து குழாயை மெல்லச் சரிச்சார். கட்டிபட்டு நிக்க வேண்டிய இரத்தம் அப்பிடியே வழிஞ்சு ஓடினது. நர்ஸ் மிஸ்மார் விஷமுறிவு மருந்துத் தூளைக் கரைக்கிற நேரத்துக்குள்ள, "விஷம் உள்ள போய் இரத்தம் உறையத் தேவையான எல்லாத்தையும் தின்டு முடிச்சுப்போட்டுது, அதுதான் இப்பிடி" எண்டு எனக்கு விளங்கப்படுத்தினார். வைக்கல் தூசியோட நிண்ட பெடியனுக்கு அதைச் சொல்ல வேணும் எண்டு அவருக்கு ஒரு கட்டாயமும் இல்லை. சித்தப்பா தப்பீட்டார். நான் இப்ப யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில. அந்த டொக்டர் வேற ஆஸ்பத்திரிக்கு மாறிப் போட்டார், பேரும் தெரியாது.

பாண்டியன்குளத்தான்:
தம்பி, குறை நினைக்காதை. புடையன் எண்டு தெரிஞ்ச பிறகு என்னத்துக்கு 20 நிமிசம்? உடனே மருந்தை ஏத்தியிருக்க வேணும். என்ர மாமியை விடியும் மட்டும் விஷகடிப் பரியாரியார் வீட்டுத் திண்ணையில கிடத்தி வைச்சிருந்தவை, பல்முரசால இரத்தம் வந்த பிறகுதான் வாகனம் தேடினவை. மனிசி தப்பேல்லை. அந்தக் கொதியிலதான் மகனை டொக்டராகட்டும் எண்டு ஏஎல்லில பயோ படிக்க விட்டனான்.
இதை வாசிக்கிற எல்லாருக்கும் சொல்லுறன். கடிச்ச இடத்துக்கு மேல கயிறு போட்டு இறுக்காதேங்கோ. கீறாதேங்கோ, உறிஞ்சாதேங்கோ. கடிபட்ட ஆளை நடக்க விடாதேங்கோ, கையோ காலோ அசையாமத் தடி வைச்சுக் கட்டுங்கோ. மோதிரம், காப்பு, கொலுசைக் கழட்டுங்கோ, பிறகு வீங்கினால் வெட்டித்தான் எடுக்க வேணும். பாம்பை அடிக்கப் போய் நீங்களும் கடி வாங்காதேங்கோ, தூர நிண்டு போனில ஒரு படம் எடுத்தால் போதும். 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் வரும். உள்ளுக்க இருக்கிற ஊரெண்டால் வாற வழிக்கு நீங்களும் வெளிக்கிட்டு றோட்டுக்கு வாங்கோ. வயலுக்க இரவில போறவை ரோச் லைற்றும் சப்பாத்தும் இல்லாமல் போகாதேங்கோ.

முத்தையன்கட்டுப் பெடியன்:
அண்ணை, மாமிக்கு நடந்தது பெரிய கொடுமை. நீங்கள் சொன்ன முதலுதவி எல்லாம் சரி. ஆனா அந்த 20 நிமிசம் வீணாப்போன நேரமில்லை. புடையன் கடிச்ச எல்லாருக்கும் விஷம் ஏறுறதில்லை. மருந்து குதிரையில இருந்து எடுக்கிறது, கன பேருக்கு ஒத்துக்கொள்ளாது. நடுக்கம், தடிப்பு, சிலருக்குப் பிரஷர் விழுந்து மூச்சே முட்டும். அதுதான் அட்ரினலினைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு ஏத்துறவை. விஷம் ஏறினதுக்கு அடையாளம் கண்டிட்டுத்தான் குடுக்கிறது. அந்தக் குழாயும் கண்ணாடியாத்தான் இருக்க வேணும், சோப்புப் போட்டுக் கழுவினதெண்டால் இரத்தம் உறையாமலே பொய் காட்டும்.

மாத்தளன் கரை:
2009, கடைசிச் சண்டை. முல்லைத்தீவில மாத்தளன் பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியா இருந்த நேரம். இருந்தவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. மரக்கொப்பில சேலைன் தொங்கும், கீழ பாயில ஆக்கள். அம்மாவுக்குத் தொடையில காயம். மருந்து கட்ட வந்தவர் டொக்டரோ தொண்டரோ தெரியாது, இளம் ஆள், கண் ரெண்டும் சிவந்து கிடந்தது. சுத்திவர அவ்வளவு அலறல். அவர் குந்தி இருந்து முதல் கேட்டது, "அக்கா, உங்கட பேர் என்ன?" எண்டு. பிறகு விறைப்பு மருந்து இல்லை, நோகும் எண்டு ஒளிக்காமல் சொன்னார். சுத்தம் செய்து முடியும் மட்டும் அம்மாவைப் பேர் சொல்லிப் பேர் சொல்லிக் கதைச்சுக்கொண்டே இருந்தார். அதுக்கு முதல் கிழமைக்கணக்கா அம்மாவை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதை நான் கேக்கேல்லை. அடுத்தமுறை மருந்து கட்டப் போகேக்க அவர் இல்லை. கேட்டம், ஒருத்தருக்கும் தெரியேல்லை. இண்டைக்கும் தெரியாது. நான் இப்ப மருத்துவ பீடத்தில இறுதி வருசம்.

துணுக்காய் மிட்வைஃப்:
பாண்டியன்குளத்து அண்ணை, மாமிக்காக மகனைப் படிக்க விட்டனான் எண்டு எழுதியிருக்கிறியள். மகனுக்கு விருப்பமோ எண்டு ஒரு சொல்லும் இல்லை. எனக்கும் டொக்டர் ஆசை இருந்தது. மழைநாளில வெள்ளத்துக்கால சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து எங்கட வீட்டில தம்பியைப் பிறப்பிச்ச மிட்வைஃப் அன்ரியைப் பாத்து வந்த ஆசை. கையில பிள்ளையைத் தலைகீழாத் தூக்கி முதுகைத் தடவ, கத்தினான் பாருங்கோ! ஏஎல்லில மெடிசின் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு. கோட்டாவில வாற எங்கட பிள்ளையளைக் குறைவாக் கதைக்கிறவைக்கும் இதில சொல்லுறன். கம்பசுக்கு எடுக்கிற இடங்களில 40 வீதம் முழு நாட்டுத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலும் அந்தப் பட்டியலில இருக்கு. கெமிஸ்ரி வாத்தியார் இல்லாமப் படிச்ச பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே பேப்பர்தானே எழுதுதுகள்?
வடிவாப் படிச்சுப் பாஸ் பண்ணிப்போட்டு எங்கட ஆஸ்பத்திரிக்கு வாறவை மாற்றம் கேட்டு ஓடுறதுதான் எனக்கு நோவு. தண்ணி இல்லை, குவாட்டர்ஸ் சரியில்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை எண்டு சொல்லுவினம். அதெல்லாம் உண்மைதான். ஆனா எங்கட தாய்மார் என்ன செய்யிறது? இதில எழுதின மெடிக்கல் பிள்ளையள் ரெண்டு பேரும் பாஸ் பண்ணினால் எங்க வருவியள் எண்டு இதிலயே எழுதுங்கோ.

மாத்தளன் கரை:
அக்கா, கேட்டது நியாயம். இன்ரேர்ன் பயிற்சி முடிய, வேலையிடம் தெரியிற லிஸ்ற்றில என்ர இடம் வரேக்க முல்லைத்தீவில வெற்றிடம் இருந்தால் அதைத்தான் எடுப்பன். குவாட்டர்ஸ் இல்லாட்டியும் பரவாயில்லை, அம்மாவின்ர வீடு இருக்கு.