‘இன்கார்னடைன்’: மேக்பெத்தின் கடலைச் சிவக்க வைத்த சொல்

கேள்வி

வணக்கம். ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தின் இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சியைத் தமிழில் பெயர்த்துப் பார்க்கிறேன். டங்கன் மன்னனைக் கொன்ற மேக்பெத், தன் கையிலுள்ள இரத்தத்தைக் கடல் தெய்வமான நெப்டியூனின் கடல் முழுவதும் திரண்டு வந்தாலும் கழுவுமா என்று கேட்டு, இல்லை, இந்தக் கைதான் எண்ணிறந்த கடல்களை ‘இன்கார்னடைன்’ செய்துவிடும் என்கிறான். அகராதியோ இச்சொல்லுக்குச் ‘சதை நிறம், இளஞ்சிவப்பு’ என்று பொருள் தருகிறது. கொலைக் குருதிக்கு இளஞ்சிவப்பு எப்படிப் பொருந்தும்? ‘சிவப்பாக்கும்’ என்று எழுதினால் போதுமா?

மறுமொழி 1

அகராதி சொல்வது சரிதான். சதையைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல், முதலில் நிறத்தைக் குறிக்கும் பெயரடையாகவே இருந்தது. அவதாரத்தைக் குறிக்கும் ‘இன்கார்னேஷன்’ என்பதும் அதே வேரில் பிறந்ததே. ஷேக்ஸ்பியர் இதை வினைச்சொல்லாக்கிக் குருதியில் தோய்த்த பிறகு, இளஞ்சிவப்பு பின்னுக்குப் போய், இரத்தச் சிவப்பே முதலில் நினைவுக்கு வரும் பொருளாயிற்று.

மறுமொழி 2

‘சிவப்பாக்கும்’ போதாது, ஏனென்றால் அச்சொல் அடுத்த வரியிலேயே காத்திருக்கிறது. ‘மல்டிட்யூடினஸ்’ (எண்ணிறந்த), ‘இன்கார்னடைன்’ என்ற இரண்டு நெடிய லத்தீன் சொற்கள் அலைபோல எழுந்து வரியை நிறைத்தவுடன், ‘பச்சையைச் சிவப்பாக்கி’ என்று, குழந்தைக்கும் புரியும் சிறு சொற்களில் அதே செய்தி மீண்டும் வருகிறது. தன் குற்றத்தின் அளவைச் சொல்லப் பெருஞ்சொல் தேடியவன், கடைசியில் கண்ணெதிரே இருக்கும் நிறத்தில் வந்து விழுகிறான். அந்த வீழ்ச்சியைத்தான் மொழிபெயர்ப்பு காப்பாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உடனே உள்ளே வரும் அவன் மனைவி, கொஞ்சம் தண்ணீர் போதும், இந்தச் செயல் கழுவப்பட்டுவிடும் என்று சொல்வதையும் சேர்த்துப் படியுங்கள். கடல் போதாத கைக்கு அவள் ஒரு செம்பு நீரை நீட்டுவது போலிருக்கிறது.

ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பான முதல் ஃபோலியோவில், இந்த இரண்டாம் வரி ‘பச்சையான ஒன்றை’ எனப் பிரியும்படி காற்புள்ளி விழுந்திருக்கிறது. பிற்காலப் பதிப்பாசிரியர்களில் பெரும்பாலோர் அதை நீக்கி, ‘பச்சை முழுவதையும் ஒரே சிவப்பாக்கி’ என்று பொருள் கொள்கிறார்கள். எனக்கும் அதுவே ஏற்புடையது.

மறுமொழி 3

பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் பாடல்களை எட்வர்டு ஃபிட்ஸ்ஜெரால்டு ஆங்கிலத்தில் பெயர்த்து 1859இல் வெளியிட்ட நூலிலும் இச்சொல் உண்டு. அங்கே இரத்தம் இல்லை. ரோஜாவின் வெளிறிய கன்னம் சிவக்க, செம்மது வேண்டுமென்று நைட்டிங்கேல் பறவை கூவுகிறது.

மறுமொழி 4

ஆங்கிலத்துக்கு லத்தீன் போல, நமக்கு வடசொல் அடுக்கு ஒன்று இருக்கிறது. குருதியைக் குறிக்கும் ‘சோணிதம்’ என்பதைப் பரிசீலியுங்கள். சோணம் என்றால் சிவப்பு. திருவண்ணாமலையைச் சோணாசலம் என்பதும் அதனால்தான். ஆங்கிலச் சொல் சதையிலிருந்து நிறத்துக்குப் போனது, இச்சொல் நிறத்திலிருந்து குருதிக்கு வந்தது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ‘சமுத்திரங்கள் யாவையும் சோணிதமயமாக்கும், பச்சை எல்லாம் ஒரே சிவப்பாகும்’ என்று எழுதி உரக்கப் படித்துப் பார்த்தேன். முதல் பாதியில் மூச்சு நீள்கிறது, இரண்டாம் பாதியில் தானாகவே குரல் தாழ்கிறது. ‘மயமாக்கும்’ மட்டும் சற்றுக் கனமாக இருக்கிறது. அதற்கு மாற்று தோன்றினால் எழுதுங்கள்.